ரயிலில் போட ஒரு பூவேலை: புதிதாகத் தொடங்குபவர்களுக்கு

கோவையில் கொங்கு எக்ஸ்பிரஸ் ஏறினால் டெல்லி போய்ச் சேர இரண்டு இரவு ஆகிறது. சென்னைக்குப் பகல் வண்டி என்றாலும் ஆறிலிருந்து எட்டு மணி நேரம். அவ்வளவு நேரம் சும்மா இருக்கிற கைக்கு ஒரு பூவேலை இருந்தால் நன்றாக இருக்குமே என்று நினைத்து, துணி, நூல், துணியை நடுவில் வைத்து இறுக்குகிற இரட்டை வளையமான ரிங் எல்லாம் வாங்கிப் பையில் போட்டுக்கொண்டு ஏறுகிறவர்கள் உண்டு. திருப்பூர் தாண்டுவதற்குள் பையை மூடி வைத்துவிடுகிறவர்களும் உண்டு. நூல் சிக்கிக்கொள்ளும், பென்சில் கோடு கோணலாகும், எந்த நிறம் எடுப்பது என்று தெரியாது. இதெல்லாம் ஆடுகிற பெட்டியில் உட்கார்ந்து செய்கிற வேலை இல்லை. யோசிக்க வேண்டியது, அளக்க வேண்டியது, வெட்ட வேண்டியது எல்லாவற்றையும் வீட்டிலேயே முடித்துவிடுங்கள். வண்டியில் குத்துவதும் இழுப்பதும் மட்டுமே மிச்சம் இருக்க வேண்டும்.

அதனால் இந்தச் செய்முறையில் பாதிக்கு மேல் வீட்டு வேலைதான். பயணத்துக்கு முந்தின நாள் ராத்திரி ஆரம்பித்தால் போதாது. இரண்டு மூன்று நாள் முன்பே உட்காருங்கள்.

1. டிசைன்: ஒரே தையலில் முடிகிற காப்புக்கட்டுக் கொத்து

பொங்கலுக்கு முந்தின நாள் நம் பக்கத்தில் வீட்டிலும் தோட்டத்திலும் காப்புக் கட்டுவோம் இல்லையா, அந்தக் கொத்தையே எடுத்துக்கொள்ளலாம். ஆவாரம்பூ, வேப்பிலை, பூளைப்பூ. மஞ்சள், பச்சை, வெள்ளை என்று மூன்றே நிறம். அதைவிட முக்கியம், மூன்றையும் சங்கிலித் தையல் ஒன்றை வைத்தே போட்டுவிடலாம். புதிதாகக் கற்பவர்களுக்கு ரயிலில் ஒரு தையல்தான் சரி. ஐந்து தையல் கலந்த டிசைன் எடுத்தால் ஒவ்வொன்றுக்கும் போனைத் திறந்து வீடியோ பார்க்க வேண்டிவரும், நடுவழியில் சிக்னல் கிடைக்காது.

கொத்து உள்ளங்கையைவிடப் பெரிதாக வேண்டாம். வரைவதும் ரொம்பச் சுலபம். ஆவாரம்பூவுக்கு நடுவில் ஒரு புள்ளி, அதைச் சுற்றி 1 செ.மீ. தள்ளி ஐந்து புள்ளி, ஏனென்றால் ஆவாரம்பூவுக்கு ஐந்து இதழ். வேப்பிலைக்கு ஒரு வளைந்த கோடு, அதன் இரண்டு பக்கமும் சாய்வாகச் சின்னக் கோடுகள். பூளைப்பூவுக்கு ஒரு காம்பு, அதன் மேல் நெருக்கமாகப் புள்ளிகள்.

நன்றாகச் சீவிய பென்சிலால் லேசாக வரைந்தால் போதும். தண்ணீர் பட்டால் அழிகிற நீலப் பேனா வீட்டு வேலைக்கு அருமையானது, ரயிலுக்கு ஆகாது. உள்ளங்கை வியர்வைக்கே கோடு கரையும். வாட்டர் பாட்டிலில் வடிகிற ஈரம் பட்டால் பாதி டிசைன் காணாமல் போகும்.

2. துணி

சோமனூர், பல்லடம் பக்கம் விசைத்தறியில் ஓடுகிற, வெளுக்காத, சாயம் போடாத காடாத் துணி இதற்கு நல்ல தேர்வு. விலை குறைவு, நெசவு நேராக இருக்கும், ஊசி இறங்கும் இடம் கண்ணுக்குத் தெரியும். அதன் மங்கலான நிறத்தில் வெள்ளைப் பூளைப்பூகூட எடுத்துக் காட்டும். ஆனால் அப்படியே எடுத்துப் போகக்கூடாது. தறியில் பாவு நூல் அறுந்துவிடாமல் இருக்கக் கஞ்சி போட்டிருப்பார்கள். சுடுதண்ணீரில் ஊறவைத்து அலசிக் காயப்போட்டால் கஞ்சியும் போகும், சுருங்க வேண்டியதும் இப்போதே சுருங்கிவிடும். பிறகு இஸ்திரி போட்டு, ஓரம் பிரியாமல் மடித்துத் தைத்துவிடுங்கள்.

வீட்டில் திருப்பூர் பனியன் வெட்டுத் துணி நிறைய இருக்கிறது என்று அதில் தொடங்காதீர்கள். பனியன் துணி நெய்தது இல்லை, பின்னியது. ரிங்கில் மாட்டும்போது இழுபடும், கழற்றியதும் பழையபடி சுருங்கும், தைத்த இடம் மட்டும் சுருக்கம் சுருக்கமாக நிற்கும். அதை ஊசி குத்தி வைக்கிற துண்டாகப் பயன்படுத்துங்கள், அதற்கு ரொம்ப நன்றாக இருக்கும்.

3. நூல்: இங்கேதான் நேரம் செலவழிக்க வேண்டும்

ஃபேன்ஸி ஸ்டோரில் எம்ப்ராய்டரி நூல் கேட்டால் கிடைக்கும் சின்னக் கட்டில் 8 மீட்டர் நூல் இருக்கும். அது ஒற்றை நூல் இல்லை, ஆறு இழை சேர்ந்தது. நமக்கு இரண்டு இழை கனம் போதும்.

நூலை இரண்டு முழ நீளத்துக்கு வெட்டுங்கள். ஒரு முழம் என்பது முழங்கையிலிருந்து நடுவிரல் நுனி வரை, பூக்காரம்மா அளக்கிற அதே அளவுதான். வெட்டிய துண்டின் ஒரு முனையை இடது கை விரல்களுக்குள் லேசாகப் பிடித்து, ஆறு இழையில் ஒன்றை மட்டும் நுனியில் பிடித்து நேராக மேலே இழுங்கள். மற்ற ஐந்தும் கீழே சுருங்கிக் குவியும். சிக்கிவிட்டதோ என்று பயம் வரும். பயப்படாமல் தொடர்ந்து இழுங்கள். அந்த இழை முழுதாக வெளியே வந்ததும், குவிந்த ஐந்தையும் நீவிவிட்டால் நேராகிவிடும். இரண்டு இழையைச் சேர்த்து ஒரே இழுவையில் பிரிக்கப் பார்த்தால்தான் முடிச்சு விழும். ஒவ்வொன்றாக எடுங்கள்.

இப்போது அந்த ஒற்றை இழையைப் பாதியாக மடியுங்கள். வெட்டிய இரண்டு முனையையும் சேர்த்து ஊசிக் கண்ணில் கோர்த்துவிடுங்கள். மறு முனையில் மடிப்பு ஒரு வளையமாக நிற்கும். தைக்க ஆரம்பிக்கும்போது முடிச்சுப் போடாமலே இந்த வளையத்தில் நூலைப் பூட்டிவிடலாம், கீழே சொல்கிறேன். மடித்த பிறகு நூல் ஒரு முழம்தான் இருக்கும். வீட்டில் இதைவிட நீளமாக வைத்துக்கொள்கிறவர்கள் உண்டு. ரயிலில் வேண்டாம். நூல் நீளமாக இருந்தால் ஒவ்வொரு இழுவைக்கும் உங்கள் கை பக்கத்து சீட்காரர் முகம் வரை போகும்.

ஒரு நூல் கட்டில் இப்படி 48 தடவை கோர்க்க இழை கிடைக்கும். அத்தனையும் தேவைப்படாது. மஞ்சளில் பத்து, பச்சையில் பத்து, வெள்ளையில் ஐந்து பிரித்து வைத்தால் சென்னை போய்த் திரும்பவே தாராளம்.

பிரித்த இழைகளைத் தொங்கவிட ஒரு பழைய கல்யாணப் பத்திரிகை அட்டை போதும். ஓரத்தில் மூன்று ஓட்டை போட்டு, ஓட்டைக்கு ஒரு நிறமாக, மடித்த இழைகளை நுழைத்துச் சுருக்கிட்டு வையுங்கள். வேண்டும்போது ஒன்றை உருவிக்கொள்ளலாம், மற்றவை அசையாது.

4. ஊசி, ரிங், டிரிம்மர்

எம்ப்ராய்டரி ஊசி என்று கேட்டு 7 அல்லது 8-ஆம் நம்பர் வாங்குங்கள். அதன் கண் நீளமாக இருக்கும், கோர்க்கச் சுலபம். ஓடுகிற வண்டியில் ஊசி கோர்ப்பது எல்லாருக்கும் எரிச்சல்தான். அதனால் ஆறு ஊசியில் வீட்டிலேயே நூல் கோர்த்து, பனியன் துணித் துண்டில் வரிசையாகக் குத்தி, நூலை ஊசியின் இரண்டு முனையிலும் எட்டு வடிவத்தில் சுற்றி வைத்துவிடுங்கள்.

எத்தனை ஊசி கொண்டு போகிறோம் என்பதை டப்பா மூடியில் எழுதி ஒட்டுங்கள். இதை நான் ரொம்பக் கண்டிப்பாகச் சொல்வேன். ரயில் பெட்டியில் செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு வெறுங்காலோடு நடப்பவர்கள் அதிகம். கைக்குழந்தையைக் கீழே விரிப்புப் போட்டுப் படுக்க வைப்பவர்களும் உண்டு. நம் ஊசி ஒன்றுகூட அங்கே கிடக்கக்கூடாது. பழைய ஸ்பீக்கரில் இருந்து எடுத்த காந்தம் ஒன்று பையில் இருக்கட்டும். கைவேலையை நிறுத்தும்போதெல்லாம் ஊசி அதில் ஒட்டிக்கொள்ளும். தவறி விழுந்தால் பெர்த்துக்கு அடியில் அதையே தரையோடு தரையாக நகர்த்தித் தேடலாம்.

ரிங் 4 அல்லது 5 அங்குலம் போதும். உள் வளையத்தில் பருத்தி நாடாவைச் சுற்றிவிட்டால் துணி வழுக்காது. நூல் வெட்ட, பனியன் கம்பெனியில் பிசிறு வெட்டுகிற சின்ன டிரிம்மர் எடுத்துக்கொள்ளுங்கள். கூர் முனைக் கத்தரியைவிட அது பத்திரம். அதற்கும் ஒரு உறை, அந்த உறையிலிருந்து பைக்கு ஒரு நாடா.

5. எந்தப் பக்கம் உட்காருவது

வலது கையால் தைப்பவர்களுக்கு வெளிச்சம் இடது பக்கத்திலிருந்து வர வேண்டும். இல்லாவிட்டால் ஊசி பிடித்த கையின் நிழல் தைக்கிற இடத்திலேயே விழும். ஸ்லீப்பரில் 1-ஆம் எண்ணும் 4-ஆம் எண்ணும் எதிரெதிரே இருக்கிற கீழ் பெர்த்துகள். ஒன்றில் ஜன்னல் இடது பக்கம் இருந்தால் மற்றதில் வலது பக்கம் இருக்கும். எதிரே இருப்பவரிடம், "ஏனுங்க, பகல்ல மட்டும் இப்படி மாறி உக்காந்துக்கலாமுங்களா, கொஞ்சம் தைக்கோணும்" என்று கேட்டால் பெரும்பாலும் சரி என்றுதான் சொல்வார்கள். சைடு லோயர் கிடைத்தால் இன்னும் நல்லது. அதை மடக்கினால் எதிரெதிரே இரண்டு இருக்கை ஆகும், உங்களுக்கு எது தோதோ அதில் உட்காரலாம். ஆனால் அங்கே வலது கை நடைபாதைப் பக்கம் இருக்கும். டீ கேன்காரர் உரசிக்கொண்டு போவார். ஊசியைப் பக்கவாட்டில் இழுக்காமல் உங்கள் முகத்துக்கு நேரே மேலே இழுத்துப் பழகுங்கள்.

வடக்கே போகிற வண்டியில் காலையில் வலது பக்கமும் மாலையில் இடது பக்கமும் வெயில் அடிக்கும். துணி மேல் நேர் வெயில் விழுந்தால் கண் கூசும், அந்த நேரத்தில் ஜன்னலிலிருந்து ஒரு ஆள் தள்ளி உட்காருங்கள். நடு பெர்த்தை இரவு 10 மணியிலிருந்து காலை 6 வரை விரித்துக்கொள்ளலாம் என்பது விதி. விரித்துவிட்டால் கீழே நிமிர்ந்து உட்கார முடியாது. எனவே ஒன்பதரைக்கே எல்லாவற்றையும் எடுத்து வைத்துவிடுங்கள்.

6. தையல்

துணியை ரிங்கில் மாட்டி, விரலால் தட்டினால் மேளம் போல் இருக்கும்படி இறுக்குங்கள்.

ஆவாரம்பூவின் நடுப் புள்ளியில் பின்பக்கமிருந்து ஊசியை மேலே கொண்டுவாருங்கள். நூலை முழுதாக இழுத்துவிடாமல், மடிப்பு வளையம் பின்னால் ஒரு அங்குலம் தொங்கட்டும். பக்கத்திலேயே, துணியின் நெசவில் ஒன்றிரண்டு இழை தள்ளி ஊசியைக் கீழே இறக்குங்கள். பின்பக்கம் திருப்பி, அந்த வளையத்துக்குள் ஊசியை விட்டு இழுங்கள். நூல் பூட்டிக்கொள்ளும். முடிச்சு கிடையாது, பின்பக்கம் தடிப்பும் இருக்காது.

இனி இதழ். நடுப் புள்ளிக்கு அருகில் ஊசியை மேலே கொண்டுவந்து, வந்த ஓட்டையிலேயே திரும்பக் கீழே இறக்குங்கள். நூலை முழுக்க இழுக்காதீர்கள். மேலே ஒரு சின்ன வளையம் நிற்கட்டும். இதழ் நுனிப் புள்ளியில் ஊசியை மேலே எடுத்து, அந்த வளையத்துக்கு உள்ளே வரும்படி செய்து, நிதானமாக இழுங்கள். வளையம் துணியோடு படிந்து இதழ் உருவம் வந்ததும் நிறுத்திவிட வேண்டும். அதற்கு மேல் இழுத்தால் இதழ் வெறும் கோடாகிவிடும். இப்போது வளையத்தின் வெளிப்பக்கம் ஊசியை இறக்கினால் நுனி பிடித்துக்கொள்ளும். ஐந்து இதழும் இதே மாதிரி.

வேப்பிலைக் காம்புக்கு, நுனியை இறக்கிப் பூட்டாமல் அந்த வளையத்துக்குள்ளேயே அடுத்த வளையம், அதற்குள் அடுத்தது என்று தொடர்ந்தால் சங்கிலி ஓடும். கடைசி வளையத்தை மட்டும் பூட்டுங்கள். இலைகள் ஆவாரம் இதழைப் போலவே, கொஞ்சம் நீளமாக. பூளைப்பூவுக்கு அரிசி அளவு குட்டி வளையங்கள் நெருக்கமாக.

நூல் முடிகிற நேரத்தில், பின்பக்கம் இரண்டு மூன்று தையலுக்கு அடியில் ஊசியை நுழைத்து இழுத்து வெட்டுங்கள். வெட்டிய பிசிறு ஒரு சின்னக் கவருக்குள் போகட்டும். ஜன்னல் வழியாக வேண்டாம்.

7. வண்டி ஓடும்போது

நேர்த் தண்டவாளத்தில் வண்டி ஒரே சீராக ஆடும். கை அதற்குச் சீக்கிரமே பழகிவிடும். முழங்கை இரண்டையும் உடம்போடு ஒட்டி வைத்து, மடியில் ஒரு பை வைத்து ரிங்கை அதன் மேல் சாய்த்தால் துணியும் கையும் சேர்ந்தே ஆடும், குத்து தவறாது. ஈரோடு, சேலம் மாதிரி ஜங்ஷன்களுக்குள் நுழையும்போதும் வெளியேறும்போதும் தடம் மாறுகிற குலுக்கல் வரும். அப்போது ஊசி காந்தத்தில் இருக்க வேண்டும். ஈரோட்டைத் தாண்டியதும் காவிரிப் பாலம் வேறு வருகிறது. ஆற்றைப் பாருங்கள், கழுத்துக்கும் கண்ணுக்கும் அந்த ஓய்வு தேவை. குனிந்தே இருந்தால் தலைசுற்றும் சிலருக்கு. ஒவ்வொரு பூ முடிந்ததும் ஒரு நிமிடம் வெளியே தூரத்தில் பார்ப்பது நல்லது.

எதிர் சீட்டுக் குழந்தை கட்டாயம் வந்து நிற்கும். விரட்ட மனசு வராது. ஒரு மொட்டைப் பிளாஸ்டிக் ஊசியும், பெரிய ஓட்டை உள்ள மேட்டித் துணித் துண்டும் தனியாக வைத்திருங்கள். "இந்தா கண்ணு, இது உனக்கு" என்று கொடுத்துவிட்டால் அதுவும் பக்கத்தில் உட்கார்ந்து தைக்கும். எனக்கு இந்தப் பயணங்களில் ரொம்பப் பிடித்த நேரம் அது.

8. சாப்பாட்டு நேரம்

ரிங்கைக் கழற்றி, துணியைச் சுருட்டி, கவரில் போட்டு மூடிவிட்டுத்தான் கட்டுச்சோற்றைப் பிரிக்க வேண்டும். புளிசாதத்தில் எண்ணெயும் மஞ்சளும் சேர்ந்தே இருக்கும். சாப்பிட்டு சோப்புப் போட்டுக் கை கழுவிய பிறகே துணியைத் தொடுங்கள். அப்படியும் மஞ்சள் பட்டுவிட்டால், சோப்புப் போட்டதும் கறை சிவப்பாக மாறும், பதற வேண்டாம். நன்றாக அலசி வெயிலில் காயப்போட்டால் மங்கிவிடும்.

9. இறங்குவதற்கு முன்பும் வீட்டுக்கு வந்த பிறகும்

இறங்க அரை மணி நேரம் இருக்கும்போதே நிறுத்திவிடுங்கள். ஊசிகளை எண்ணி, டப்பா மூடியில் எழுதியதோடு ஒத்துப் பாருங்கள். ஒன்று குறைந்தாலும் காந்தத்தை எடுத்துத் தேடிவிட்டுத்தான் இறங்க வேண்டும். ரிங்கில் மாட்டியபடியே துணியைப் பையில் வைக்காதீர்கள், வளையத் தடம் ஆழமாகப் பதிந்துவிடும்.

வீட்டில் துணியைக் குளிர்ந்த தண்ணீரில் லேசான சோப்புப் போட்டு அலசி, பிழியாமல் ஒரு துண்டில் சுருட்டி ஈரத்தை ஒற்றி எடுங்கள். லேசான ஈரம் இருக்கும்போதே கனமான துண்டு ஒன்றை விரித்து, தைத்த பக்கம் கீழே இருக்கும்படி போட்டு, பின்பக்கத்திலிருந்து இஸ்திரி போடுங்கள். இதழ்கள் நசுங்காமல் துண்டுக்குள் புதைந்து, திருப்பும்போது எழும்பி நிற்கும்.