கடும் பாக்டீரியா தொற்று திரும்பத் திரும்ப வந்தால்: மரபணுக் காரணத்தைத் தேடும் வழி

நியூமோகாக்கஸ் கிருமி எத்தனையோ குழந்தைகளின் மூக்கில் ஒரு தொல்லையும் தராமல் குடியிருக்கிறது. அதே கிருமி ஒரு குழந்தைக்கு மட்டும் மூளைக்காய்ச்சலாக முற்றிவிடும். இதில் பரம்பரைக்குப் பங்கு உண்டு என்பதை 1988-இல் வெளியான டென்மார்க் தத்துப்பிள்ளைகள் ஆய்வு காட்டியது. பெற்றவர்களில் ஒருவர் 50 வயதுக்குள் தொற்றால் இறந்திருந்தால், வேறு வீட்டில் வளர்ந்த பிள்ளையும் தொற்றால் இறக்கும் வாய்ப்பு 5.8 மடங்காக இருந்தது. வளர்த்தவர்கள் தொற்றால் இறந்ததற்கும் பிள்ளையின் சாவுக்கும் அப்படித் தொடர்பு காணவில்லை.

அதற்காகச் சளி பிடிக்கும் குழந்தைக்கெல்லாம் ஜீன் பரிசோதனை தேவையில்லை. பள்ளிக்குப் போகத் தொடங்கிய குழந்தைக்கு வருடத்துக்கு ஆறு, எட்டு முறை சளி வருவது இயல்பு. ஒரே வருடத்தில் இரண்டு முறை நிமோனியா, இரண்டு முறை ரத்தத்திலோ எலும்பிலோ உள்ளுறுப்பிலோ தொற்று, பி.சி.ஜி. (காசநோய்த் தடுப்பூசி) போட்ட பின் அந்தக் கிருமி உடலெங்கும் பரவுவது, சிறு வயதில் தொற்றால் இறந்த அண்ணனோ தாய்மாமனோ குடும்பத்தில் இருப்பது: இவற்றில் ஒன்று இருந்தாலே தேடத் தொடங்கலாம்.

முதலில் கிருமியின் பெயர்

எந்தக் கிருமி என்று தெரிந்தால் தேடல் பாதியாகக் குறையும். முதல் ஆன்டிபயாடிக் ஊசிக்கு முன் ரத்தக் கல்ச்சர் (ரத்தத்தில் உள்ள கிருமியை வளர்த்து அடையாளம் காணும் பரிசோதனை) எடுத்துவிட வேண்டும். கைக்குழந்தைக்கு 1 முதல் 2 மி.லி. போதும். ஆனால் குழந்தை துவண்டு கிடந்தால் கல்ச்சருக்காக மருந்தைத் தாமதிக்கக் கூடாது. ரிப்போர்ட்டில் 'கிராம் நெகட்டிவ் பேசில்லை' என்று கிருமியின் வகை மட்டும் இருந்தால் விடாதீர்கள், முழுப் பெயரைக் கேளுங்கள். பர்க்ஹோல்டேரியா என்ற கிருமியைச் சிறிய லேப்கள் சூடோமோனாஸ் என்ற வேறு கிருமியாக எழுதிவிடுவதுண்டு. அந்த ஒரு பெயர் மாறினால் நோயே கைநழுவிப் போகும்.

கல்லீரலில் ஸ்டஃபிலோகாக்கஸ் சீழ்க்கட்டி, பர்க்ஹோல்டேரியா, செராஷியா, கூடவே ஆஸ்பர்ஜில்லஸ் பூஞ்சை என்றால் வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்ல முடியாத சி.ஜி.டி. நோயை நினைக்க வேண்டும். பி.சி.ஜி. பரவலும் விடாத சால்மோனெல்லாவும் சேர்ந்தால், எதிர்ப்பு அணுக்கள் ஒன்றுக்கொன்று செய்தி அனுப்பும் இன்டர்லூக்கின்-12, இன்டர்ஃபெரான் காமா பாதையில் குறை. மூளைக்காய்ச்சல் கிருமியான மெனிங்கோகாக்கஸ் இரண்டாம் முறை வந்தால், காம்ப்ளிமென்ட் எனப்படும் ரத்தத் தற்காப்புப் புரதங்களில் சி5 முதல் சி9 வரை ஏதோ ஒன்றில் குறை. ஆண் குழந்தைக்கு ஆறு மாதத்துக்குப் பிறகு நியூமோகாக்கஸ் அடிக்கடி வந்து, தொண்டையில் டான்சிலும் இல்லையென்றால், எதிர்ப்புப் புரதம் உண்டாக்கும் அணுக்கள் வளரத் தேவையான பி.டி.கே. ஜீனில் குறை.

ஏமாற்றுவது, கிருமி வந்ததை உடலுக்கு எச்சரிக்கும் ஐராக்-4, மைடி88 ஜீன்களின் குறைகள்தான். நியூமோகாக்கஸ் ரத்தத்தில் இருக்கும், ஆனால் காய்ச்சலும் சி.ஆர்.பி. என்ற ரத்த அழற்சி அளவும் ஆரம்பத்தில் ஏறாது. 'சி.ஆர்.பி. நார்மல்' என்று வீட்டுக்கு அனுப்பும் தவறு இங்கேதான் நடக்கிறது.

பழைய சி.பி.சி. (ரத்த அணு எண்ணிக்கை) தாள்கள்

இதற்குப் புதிதாகச் செலவில்லை. மொத்த வெள்ளணுவை, கிருமியைக் கொல்லும் வெள்ளணு வகையான நியூட்ரோஃபிலின் சதவீதத்தால் பெருக்கி நூறால் வகுங்கள். 6,000-இல் 5 சதவீதம் என்றால் 300. 500-க்குக் கீழே இருப்பது அபாயம். ஒரு வயதுக்குள் லிம்ஃபோசைட் என்ற இன்னொரு வெள்ளணு வகையின் எண்ணிக்கை தொடர்ந்து 3,000-க்குக் கீழே இருந்தால், பிறவியிலேயே எதிர்ப்புசக்தி கிட்டத்தட்ட இல்லாத ஸ்கிட் நோயை உடனே சோதிக்க வேண்டும். தொற்று இல்லாத நாளிலும் வெள்ளணு எக்கச்சக்கமாக இருந்து, தொப்புள்கொடி விழ ஒரு மாதம் தாண்டி, புண்ணில் சீழே வைக்காவிட்டால், வெள்ளணுக்கள் ரத்தக் குழாயைவிட்டுத் தொற்று இடத்துக்குப் போக முடியாத எல்.ஏ.டி. நோய். ரத்தப் படலத்தில் ஹவல்-ஜாலி துகள்கள் (சிவப்பணுவில் மிஞ்சிய கருத்துணுக்குகள்) தெரிந்தால் மண்ணீரல் இல்லை அல்லது வேலை செய்யவில்லை. அப்போது அரிவாள் செல் நோயையும் பாருங்கள். நீலகிரிப் பழங்குடியினரிடம் அந்த ஜீன் இருப்பது 1952-லேயே தெரியும்.

சாம்பிள் எடுப்பதில் கெடுவது

இம்யூனோகுளோபுலின் (எதிர்ப்புப் புரதம்) அளவை, அதையே மருந்தாக ரத்தக் குழாயில் செலுத்தும் ஐ.வி.ஐ.ஜி. ஏற்றும் முன் எடுக்க வேண்டும். ஏற்றிய பின் தெரியும் ஐ.ஜி.ஜி. என்ற வகை மருந்தில் வந்தது, சில மாதங்களுக்கு அந்த எண்ணை நம்ப முடியாது. ஐ.ஜி.ஏ., ஐ.ஜி.எம். வகைகள் மருந்தில் மிகக் குறைவு என்பதால் அவற்றை ஓரளவு படிக்கலாம். லேப் தாளில் அச்சாகும் நார்மல் அளவு பெரும்பாலும் பெரியவர்களுக்கானது. ஆறு மாதக் குழந்தைக்கு 300 மி.கி. ஐ.ஜி.ஜி. இயல்பாகவே இருக்கலாம். வயதுவாரி அட்டவணையோடு ஒப்பிடுங்கள்.

சி.ஜி.டி.க்கு, வெள்ளணுக்கள் கிருமியைக் கொல்லும் ரசாயனத்தை உண்டாக்குகின்றனவா என்று பார்க்கும் டி.எச்.ஆர். பரிசோதனை. ஹெப்பாரின் குழாயில் 2 முதல் 3 மி.லி. ரத்தம், அதே நேரத்தில் உறவில்லாத ஆரோக்கியமான ஒருவரின் ரத்தமும். ஃபிரிட்ஜில் வைக்காமல், 24 மணி நேரத்துக்குள் லேபுக்குப் போக வேண்டும். துணைக்கு அனுப்பிய சாம்பிளும் வேலை செய்யவில்லையென்றால் கெட்டது வழியில்தான்; குழந்தையின் மேல் பழி போடாதீர்கள். தாயின் சாம்பிளில் வேலை செய்வதும் செய்யாததுமாக இரண்டு வகை அணுக்கள் தெரிந்தால் எக்ஸ் குரோமோசோம் வழி வந்தது என்று அப்போதே புரியும். மைலோபெராக்ஸிடேஸ் என்ற வெள்ளணு நொதி முற்றிலும் இல்லாதவர்களுக்கும் இதே போன்ற முடிவு வரும் என்பதையும் மறக்கக் கூடாது.

காம்ப்ளிமென்ட் வேலை செய்கிறதா என்று அளக்கும் சி.எச்.50 இன்னும் நுட்பம். சீரத்தை உடனே பிரித்து மைனஸ் 70 டிகிரியில் உறைய வைக்காவிட்டால் பூஜ்யம் என்று பொய்யாக வரும். கடும் தொற்றின் நடுவிலும் காம்ப்ளிமென்ட் செலவாகிவிடும், ஆகவே குணமான பின் மறுமுறை பாருங்கள். காம்ப்ளிமென்ட் புரதங்களில் ஒன்றான ப்ராப்பர்டின் குறையில் சி.எச்.50 சரியாகவே இருக்கும், காம்ப்ளிமென்டின் மாற்றுப் பாதையை அளக்கும் ஏ.எச்.50 கேட்க வேண்டும்.

ஜீன் பரிசோதனை கடைசியில்

மேலே சொன்னவை எதுவும் இல்லாமல் நேரே எக்ஸோம் (எல்லா ஜீன்களின் புரதக் குறியீட்டையும் ஒரே தடவையில் படிக்கும் பரிசோதனை) அனுப்புவது பணவிரயம் என்பதே எங்கள் கருத்து. ஐராக்-4 சந்தேகமும், உயிர் ஊசலாடும் கைக்குழந்தையும் மட்டும் விதிவிலக்கு. ஈ.டி.டி.ஏ. குழாயில் 2 முதல் 3 மி.லி., கூடவே அப்பா அம்மா இருவரின் ரத்தமும். எலும்பு மஜ்ஜை மாற்று நடந்திருந்தால் ரத்தத்தில் கொடையாளியின் ஜீன்தான் இருக்கும், அப்போது தோல் சாம்பிள் வேண்டும்.

'பொருள் தெளிவில்லாத மாற்றம்' என்று வந்தால் அது நோயறிதல் அல்ல. அந்த ஜீனின் வேலையைச் சோதித்த பிறகே முடிவு. எதிர்ப்பக்கமும் உண்டு: குறைபட்டால் சி.ஜி.டி. உண்டாக்கும் என்.சி.எஃப்.1 ஜீனுக்கு அதைப் போலவே இரண்டு போலி ஜீன்கள் இருப்பதால் எக்ஸோம் அதைத் தவறவிடும். டி.எச்.ஆர். கோளாறு காட்டி எக்ஸோம் 'ஒன்றுமில்லை' என்றால் என்.சி.எஃப்.1-க்கென்று தனிப் பரிசோதனை கேளுங்கள். மாமன் மகள், அக்காள் மகள் திருமணங்கள் உள்ள நம் குடும்பங்களில் இரு பக்கமும் சேர்ந்து வரும் இவ்வகைக் குறைகளுக்கு இடம் அதிகம். கணவன் மனைவி உறவுமுறையைப் படிவத்தில் எழுதாமல் விடாதீர்கள்.

பெயர் தெரிந்தால் சிகிச்சையும் மாறும். பி.டி.கே. குறைக்கு 3, 4 வாரத்துக்கு ஒருமுறை கிலோவுக்கு 400 முதல் 600 மி.கி. ஐ.வி.ஐ.ஜி.; சி.ஜி.டி.க்குத் தினமும் கோட்ரைமாக்ஸசோல் ஆன்டிபயாடிக்கும் இட்ராகொனசோல் பூஞ்சை மருந்தும். காம்ப்ளிமென்ட் குறைக்கு மெனிங்கோகாக்கஸ் தடுப்பூசிகள்.

அடுத்த பிரசவத்துக்கு முன்பே மகப்பேறு மருத்துவரிடம் ரிப்போர்ட்டைக் கொடுங்கள். மாற்றம் இன்னதென்று தெரிந்திருந்தால் 11 முதல் 13 வாரத்தில் நஞ்சுக்கொடித் திசுவில் பார்க்கலாம். பார்க்காவிட்டால், பிறந்ததும் தொப்புள்கொடி ரத்தத்தை அனுப்பி, முடிவு வரும்வரை பி.சி.ஜி.யையும் போலியோ சொட்டையும் நிறுத்தி வைக்கும்படி கேஸ் ஷீட்டின் முதல் பக்கத்திலேயே எழுதச் சொல்லுங்கள். பிரசவ வார்டில் அந்த இரண்டும் முதல் நாளே வழக்கமாகக் கொடுத்துவிடுவார்கள்.