முட்டிக்குப் பின்னால் ஓர் உண்ணி

பினாங்கில் தண்ணீர்மலைப் பக்கமிருந்து கொடிமலைக்கு நடந்து ஏறிவிட்டு வந்து குளிக்கும்போது, முட்டிக்குப் பின்னால் ஏதோ தட்டுப்பட்டது. மிளகு மாதிரி ஓர் உண்ணி. வாய் தோலுக்குள், கால்கள் மட்டும் வெளியே அசைந்துகொண்டிருந்தன.

அம்மா மண்ணெண்ணெயைத் தேடினார். "வேண்டாம்மா" என்றேன். எண்ணெயோ சூடோ பட்டால் அது உள்ளிருப்பதைக் கடிவாயில் கக்கக்கூடும். புருவம் திருத்தும் கூர்முனை இடுக்கியால், வயிற்றை நசுக்காமல், தோலை ஒட்டிப் பிடித்து நிதானமாக நேரே மேலே இழுத்தேன். திருகினால் வாய்ப்பகுதி முறிந்து உள்ளேயே தங்கிவிடலாம். முழுசாக வந்தது. சோப்பு போட்டுக் கழுவி ஸ்பிரிட் தடவினேன். உண்ணியை டேப்பில் ஒட்டித் தேதியும் எழுதி வைத்தேன், டாக்டர் கேட்டால் காட்டலாமே.

அமெரிக்காவில் இருக்கும் தங்கைதான் 'லைம் நோய்' என்று போனில் கலங்கிவிட்டாள். அங்கே அந்த நோயைத் தரும் பொரேலியா என்ற கிருமியைப் பரப்புவது மான் உண்ணி. அதுவும் பெரும்பாலும் ஒரு நாளுக்கு மேல் ஒட்டியிருந்தால்தான் தொற்றும், விரியும் சிவப்புத் தடிப்பு 3 முதல் 30 நாளுக்குள் தெரியும். மலேசியக் காட்டில் எனக்கு அதைவிடக் கவலை ஸ்க்ரப் டைபஸ். கண்ணுக்கே தெரியாத பூச்சிக் குஞ்சு கடித்து வருவது. காய்ச்சலோடு கடிவாயில் கறுத்த பொருக்கும் தட்டலாம். சரி, இரண்டுக்கும் சேர்த்தே கவனித்தேன். கொஞ்சம் அரித்ததோடு சரி.

இப்போது பேன்டைக் காலுறைக்குள் செருகி, டீட் கலந்த பூச்சிவிரட்டி மருந்து அடித்துக்கொண்டுதான் ஏறுகிறேன். பார்ப்பவர்கள் சிரிக்கிறார்கள்.