கழுத்தில் நெறி கட்டினால்: தெரிந்தவர்களே சறுக்கும் இடங்கள்

எங்கள் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்குப் பயிற்சிக்கு வரும் இளம் டாக்டர்கள், நாங்கள் அந்த வயதில் செய்த அதே தப்புகளை வரிசை மாறாமல் செய்கிறார்கள். கோபி, பெருந்துறை, பல்லடம் பக்கமிருந்து வரும் நோயாளிகளும் அப்படித்தான். புகையிலையை விடுங்க, சொத்தைப் பல்லைக் கவனிங்க என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை இங்கே எழுதப்போவதில்லை.

வலிக்கவில்லை என்று விடுவது

வலிக்காத கட்டிக்குத்தான் சீக்கிரம் வரணும்.

ஆன்டிபயாடிக்கை மாற்றி மாற்றிப் போடுவது

சளி, தொண்டைப் புண், சொத்தைப் பல், தலையில் பேன் கடித்த புண் என எது வந்தாலும் நெறி கட்டும். குழந்தைகளுக்கு இது சகஜம். ஒரு கோர்ஸ் மாத்திரை, சரி. பெரியவர்களுக்கு இரண்டு மூன்று வாரம் ஆகியும் வற்றவில்லை என்றால் அடுத்த மருந்துச் சீட்டு வேண்டாம், ஸ்பெஷலிஸ்ட்டைப் பாருங்க. கட்டி கல் மாதிரி கெட்டியாக, அசையாமல் இருந்தால் அந்த மூன்று வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது. குரல் கம்மி அப்படியே நிற்பது, விழுங்கச் சிரமம், எடை இறங்குவது, காதில் கோளாறே இல்லாமல் ஒரு பக்கம் மட்டும் காதுவலி, இவை கூடவே இருந்தாலும் அப்படித்தான். கழுத்தடியில் தோளுக்குப் போகும் காறை எலும்புக்கு மேலே, அதிலும் இடது பக்கம் கட்டி என்றால் கழுத்தோடு வயிற்றையும் சேர்த்துச் சோதிப்போம். இரைப்பைப் புற்று சில சமயம் முதலில் தலைகாட்டுவது அங்கேதான்.

ஊசி டெஸ்ட்டுக்கு முன்னால் கத்தி

“சின்னக் கட்டிதானுங்க, மரத்துப்போற ஊசி போட்டு எடுத்துட்டாங்க.” இத்தனை வருஷம் கழித்தும் இதைக் கேட்டால் எனக்கு எரிச்சல்தான் வருகிறது. சோமனூர்ப் பக்கம் தறி ஓட்டுகிறவர் ஒருவர், கழுத்தின் பக்கவாட்டில் தழும்போடு வந்தார். வந்தது கட்டிக்காக அல்ல. “கையைத் தோளுக்கு மேல தூக்க முடியலீங்க. தலை வாரக்கூட முடியலீங்க.” அந்த இடத்தில் தோள்பட்டைத் தசைக்குப் போகும் நரம்பு தோலுக்குச் சற்றுக் கீழேதான் ஓடுகிறது. கட்டியோடு அதுவும் போயிருக்கிறது. எடுத்த கட்டியை எந்த லேபுக்கு அனுப்பினாங்க என்று கேட்டேன். “வீசிட்டாங்க போலங்க” என்றார். கையும் போய், என்ன வியாதி என்கிற விடையும் குப்பைக்குப் போய்விட்டது.

நாற்பது வயதைத் தாண்டியவருக்கு, அதிலும் புகையிலைப் பழக்கம் உள்ளவருக்கு, கழுத்தில் கெட்டியான நெறி என்றால் நோயின் ஆரம்பம் பெரும்பாலும் வேறு இடத்தில் இருக்கும்: வாய், நாக்கின் அடிப்பகுதி, டான்சில், உணவுக்குழாயின் வாசல், மூக்கின் பின்புறம். கட்டியை மட்டும் வெட்டினால் ஆரம்ப இடத்தை யாரும் தேடுவதில்லை. கட்டிதான் போய்விட்டதே! அப்புறம் சில மாதம் கழித்து அது திரும்பும்போது, தழும்பில் எல்லாம் ஒட்டிக்கொண்டு சரியான ஆபரேஷன் செய்வது கடினமாகிவிடும்.

வாயை வெளிச்சத்தில் பார்த்து, நாக்கின் அடியை விரலால் தடவி, மூக்கு வழியாக மெல்லிய ஸ்கோப் விட்டுத் தொண்டையைப் பார்க்க வேண்டும். பிறகு அல்ட்ராசவுண்ட், அதன் பிறகு ஊசி டெஸ்ட். ரத்தம் எடுக்கிற மாதிரி மெல்லிய ஊசியால் கட்டியிலிருந்து கொஞ்சம் செல்களை எடுத்துப் பார்ப்பதுதான். “ஊசி குத்தினா கேன்சர் பரவிரும்ங்க” என்று இதற்குப் பயப்படுகிறவர்கள், கத்திக்கு மட்டும் எப்படிக் கழுத்தை நீட்டுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் புரியவில்லை.

காசநோய் நெறியைக் கீறினால் ஆறாமல் சீழ் வடிந்துகொண்டே இருக்கலாம். அதற்கு வேண்டியது மாத்திரை, பொதுவாக 6 மாதம், அரசு மருத்துவமனையில் இலவசம். நடுவில் நெறி சற்றுப் பெருக்கக்கூடும். மருந்து கேட்கவில்லை என்று நீங்களே நிறுத்திவிடாமல் டாக்டரிடம் காட்டுங்க.

லிம்போமா, அதாவது நெறியிலேயே தொடங்கும் புற்று, என்று சந்தேகம் வந்தால் நெறியை முழுதாக எடுத்தே பார்க்க வேண்டியிருக்கும். ஆனால் அது ஸ்கோப்பும் ஊசியும் முடிந்த பிறகு. அப்படி எடுக்கும்போது மொத்தத்தையும் பார்மலினில் (திசு கெடாமல் வைக்கும் திரவம்) போட்டுவிடாதே, ஒரு துண்டை சலைனில் (உப்புத் தண்ணீர்) வை என்று இளம் டாக்டர்களிடம் சொல்லிக்கொண்டே இருக்கிறேன். பார்மலினில் போட்டால் காசநோய்க் கிருமியை வளர்த்துப் பார்க்க முடியாது.

“தைராய்டு நார்மல்னு வந்துருச்சுங்க”

டி.எஸ்.எச். என்கிற தைராய்டு ரத்தப் பரிசோதனை சுரப்பைப் பற்றித்தான் சொல்லும், கட்டியைப் பற்றிச் சொல்லாது. ரத்தப் பரிசோதனை சுத்தமாக இருக்கும்போதே தைராய்டில் புற்று இருக்கலாம். முன்கழுத்துக் கட்டி விழுங்கும்போது மேலேறி இறங்கினால் ஸ்கேன் எடுத்துப் பாருங்க.

சுண்ணாம்பும் மஞ்சளும் குழைத்த பத்து

தோல்தான் வேகும். மஞ்சள் ஈரோட்டு மார்க்கெட்டுக்கே போகட்டும்.

விடியட்டும் என்று காத்திருப்பது

தாடைக்கடியில் வீங்கி, நாக்கு மேலே தூக்கி, வாய் திறக்க முடியாமல், எச்சில்கூட விழுங்க முடியாமல் வடிந்தால், அது காலை ஓ.பி.க்கு உரியது அல்ல. பல நேரம் கீழ்க் கடைவாய்ப் பல்லிலிருந்து இறங்கிய சீழ்தான் காரணம், சில மணி நேரத்திலேயே மூச்சுக்குழாயை அடைக்கக்கூடியது. மூச்சு இரைந்தாலும் அதே அவசரம்தான். 108ஐக் கூப்பிடுங்க. வாயில் எதுவும் ஊற்ற வேண்டாம். வண்டியில் படுக்க வைக்காமல், உட்கார்ந்தபடியே கூட்டி வாங்க.