மரப்பட்டையில் எழுத்து தெரிகிறதா? அது கிராபிஸ் லைக்கனாக இருக்கலாம்

வழவழப்பான மரப்பட்டையில் வெளிர் சாம்பல் திட்டு, அதன் மேல் யாரோ கறுப்பு மையால் கிறுக்கியது போல குட்டிக் குட்டிக் கோடுகள். பார்த்தால் நின்று கவனியுங்கள். அது பெரும்பாலும் கிராபிஸ் ஸ்கிரிப்டா என்ற லைக்கனோ (பூஞ்சையும் பாசியும் கூடி வாழும் உயிர்) அதன் நெருங்கிய உறவோதான். 1753-இல் லின்னேயஸ் இதற்கு வைத்த பெயரிலேயே 'எழுதப்பட்டது' என்ற பொருள் இருக்கிறது.

அந்தக் கோடுகள்தான் இதன் வித்து (ஸ்போர்) உண்டாகும் இடம். பத்து மடங்கு பெரிதாக்கும் கைலென்ஸில் பாருங்கள்: ஒவ்வொரு கோட்டிலும் இரு கறுப்பு உதடுகள், நடுவே ஒரு பிளவு. கோடுகள் வளைந்தும் கிளைத்தும் ஓடும். உதடே இல்லாமல் தட்டையான கறைபோல இருந்தால் அது ஆர்தோனியா என்ற வேறொரு லைக்கனாக இருக்கலாம், அவசரப்பட வேண்டாம்.

அப்புறம், எனக்கு மிகவும் பிடித்த சோதனை ஒன்று. திட்டின் ஓரத்தில் நகத்தால் மிக லேசாகக் கீறினால், பல நேரம் உள்ளே மஞ்சளோ ஆரஞ்சோ கலந்த சாயல் தெரியும். இதனோடு கூடி வாழும் டிரென்டிபோலியா என்ற பாசியின் நிறம் அது. ஒரு கீறல் போதும். இது மிக மெதுவாக வளரும் உயிர், பெயர்த்து எடுக்காதீர்கள்.

ஐரோப்பாவில் ஹேசல், ஆஷ், பீச் போன்ற மரங்களில், நிழலும் ஈரமும் உள்ள காடுகளில் தேடலாம். பட்டை முற்றிப் பிளந்த அடிமரத்தை விட்டுவிட்டு இளங்கிளைகளைப் பாருங்கள். இனத்தை உறுதியாகச் சொல்ல நுண்ணோக்கியில் வித்துகளைப் பார்க்க வேண்டும். வெளித்தோற்றத்தை மட்டும் வைத்து 'கிராபிஸ்' என்று குறித்துக்கொண்டால் சரி.