சுவிட்ச் போர்டில் 'சர்ர்' சத்தமா? நீங்களே சரிசெய்யலாம்

பாலக்கோடு, பென்னாகரம் பக்கத்துப் பழைய வீடுகளில் மரப்பெட்டி மேல் ஷீட் போட்டு, பியானோ சுவிட்ச் பொருத்திய போர்டுகளை இன்றும் பார்க்கலாம். லைட் போடும்போது 'சர்ர்' என்ற சத்தம், விட்டுவிட்டு எரிவது, சுவிட்சில் சூடு, கருகிய வாடை. இதில் எது வந்தாலும் தள்ளிப்போடாதீர்கள். பல நேரம் சுவிட்சே கெட்டிருக்காது. ஒயரைப் பிடிக்கும் திருகு லூசாகியிருக்கும். லூசான இடத்தில் தீப்பொறி பறந்து, சூடேறி, கடைசியில் சுவிட்சையும் கருக்கிவிடும்.

சத்தமோ வாடையோ இல்லாமல் லைட் மட்டும் எரியவில்லையா? முதலில் வேறு பல்பு போட்டுப் பாருங்கள். அதிலும் எரியாவிட்டால்தான் போர்டைத் திறக்க வேண்டும்.

அதற்கு முன் மெயினை அணையுங்கள். இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். பராமரிப்புக்காகக் கரண்ட் நிறுத்தும் நாளில், "கரண்ட்தான் இல்லையே" என்று போர்டைக் கழற்றுவார்கள். வேண்டவே வேண்டாம். ஈபி கரண்ட் சொல்லாமல் திரும்பி வரும். இன்வெர்ட்டர் இருந்தால் அதுவும் ஆளைக் கொல்லும் 230 வோல்ட்டைத்தான் லைட் லைனுக்கு அனுப்பும். மெயின், இன்வெர்ட்டர் இரண்டையும் அணைத்துவிட்டு, வீட்டில் யாரும் திரும்பப் போட்டுவிடாதபடி சொல்லி வையுங்கள்.

டெஸ்டர் நல்ல நிலையில் இருக்கிறதா என்று மெயினை அணைப்பதற்கு முன்பே, கரண்ட் இருக்கும் பிளக்கில் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். ரப்பர் செருப்போடு மர ஸ்டூலில் நின்றால் டெஸ்டர் மங்கலாக எரியும், கண்ணுக்கே தெரியாமலும் போகலாம். ஷீட்டின் திருகுகளைக் கழற்றி மெதுவாக முன்னால் இழுத்ததும், எதையும் தொடாமல் ஒவ்வொரு முனையிலும் டெஸ்டர் வையுங்கள். எதிலாவது எரிந்தால் அப்படியே நிறுத்திவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். எரியாவிட்டால், ஒயர்கள் இருக்கும் நிலையைச் செல்போனில் ஒரு படம் எடுங்கள்.

இப்போது உள்ளே பாருங்கள். கரண்ட் கொண்டுவரும் ஒயர், அதாவது பேஸ் ஒயர், முதல் சுவிட்சுக்கு வந்து, அங்கிருந்து சின்னத் துண்டு ஒயராக அடுத்தடுத்த சுவிட்சுக்குப் போகும். இதை லூப் என்பார்கள். ஒரு லூப் விட்டுப்போனால் அதற்குப் பிறகு உள்ள சுவிட்சுகள் எல்லாமே வேலை செய்யாது. ஒவ்வொரு ஒயரையும் லேசாக இழுத்துப் பாருங்கள், ஆடினால் திருகை முறுக்குங்கள். செம்பு கறுத்திருந்தால் அந்த நுனியை வெட்டி, ஒரு சென்டிமீட்டர் தோலை உரித்து, இழைகளை முறுக்கி இரண்டாக மடித்து நுழைத்து இறுக்குங்கள். ஓர் இழைகூட வெளியே நீட்டக்கூடாது. எறும்பு, பல்லி முட்டை இருந்தால் காய்ந்த பிரஷ்ஷால் தட்டிவிடுங்கள். ஈரத்துணி கூடாது.

சுவிட்ச் உருகியிருந்தால் ஐஎஸ்ஐ முத்திரை உள்ளதாக மாற்றுங்கள். லைட், ஃபேனுக்கு 6 ஆம்பியர் போதும். 2000 வாட் கீசர் 8.7 ஆம்பியர் இழுக்கும், அதற்கு 16 ஆம்பியர் சுவிட்சும் தடித்த ஒயரும் வேண்டும்.

சுவர் ஈரமாக இருந்தாலோ, போர்டைத் தொட்டால் ஷாக் அடித்தாலோ, ஒயர் தோல் பொடிப்பொடியாக உதிர்ந்தாலோ நீங்கள் கைவைக்காதீர்கள். லைசென்ஸ் உள்ள எலக்ட்ரீஷியன் வரட்டும்.

ஷீட்டை மூடித் திருகிய பிறகு மெயினைப் போட்டு, லைட்டை அரை மணி நேரம் எரியவிடுங்கள். பிறகு சுவிட்சின் முகப்பைத் தொட்டால் சூடு இருக்கக்கூடாது. இருந்தால் மறுபடி மெயினை அணைத்துத் திறக்க வேண்டியதுதான்.