எடை கூடும்போது செய்யும் தவறுகள்: வயதின் மேல் பழி போடுவது முதல் தவறு

"முப்பதைத் தாண்டினாலே உடம்பு போட்டுவிடும்." இது நமக்கு நாமே சொல்லிக்கொள்ளும் சமாதானம். 2021-ல் 'சயின்ஸ்' இதழில் வந்த ஒரு பெரிய ஆய்வு இதை ஏற்கவில்லை. 29 நாடுகளில் 6,400-க்கும் மேற்பட்டவர்களை அளந்து பார்த்ததில், உடலின் அளவையும் தசையையும் கணக்கில் கொண்டால், 20 வயதிலிருந்து 60 வரை ஒருவர் செலவழிக்கும் ஆற்றல் கிட்டத்தட்ட அப்படியேதான் இருக்கிறது. மாறுவது பழக்கம். நடை குறைகிறது, நாற்காலி நேரம் கூடுகிறது, சாப்பாட்டின் அளவு மட்டும் குறைவதில்லை.

அடுத்தது, "அதான் நடந்தாச்சே" என்று அள்ளிப் போட்டுக்கொள்வது. 70 கிலோ எடையுள்ளவர் அரை மணி நேரம் விறுவிறுவென நடந்தால் சுமார் 150 கலோரி செலவாகும். வந்ததும் 330 மில்லி கோலா ஒன்றைக் குடித்தால் கிட்டத்தட்ட 140 கலோரி திரும்பிவிடும், அதுவும் இரண்டே நிமிடத்தில். இனிப்பு பானம் வயிற்றை நிறைக்காது என்பதால் அடுத்த வேளைச் சாப்பாடும் குறையாது. ட்ரெட்மில் திரை காட்டும் கலோரி எண்ணையும் அப்படியே நம்ப வேண்டாம்.

'ஆரோக்கியமானது' என்ற பெயர் இருந்தால் அளவு பார்க்காமல் சாப்பிடுவதும் உண்டு. எந்த எண்ணெயாக இருந்தாலும் ஒரு டேபிள்ஸ்பூனில் சுமார் 120 கலோரி. வாணலியில் கண்ணளவாக ஊற்றுகிறவர்கள் ஒரு நாள் ஸ்பூனால் அளந்து பாருங்கள், திக்கென்று இருக்கும். பாதாம், முந்திரியும் நல்லவைதான்; 100 கிராமில் 550 கலோரிக்கு மேல்.

சரி, உடற்பயிற்சியால் பயனில்லை என்று விட்டுவிடலாமா? இது இன்னும் பெரிய தவறு. எடையைக் குறைப்பதில் சாப்பாட்டின் பங்கு அதிகம்; குறைத்த எடை மறுபடி ஏறாமல் காப்பதில் பயிற்சிக்குத்தான் மவுசு. பட்டினி கிடந்து வேகமாகக் குறைத்தால் கொழுப்போடு தசையும் போகும். உலக சுகாதார நிறுவனம் வாரத்துக்கு 150 முதல் 300 நிமிடம் மிதமான பயிற்சியும், குறைந்தது 2 நாள் தசைக்கு வலுவூட்டும் பயிற்சியும் சொல்கிறது. பலரும் தவறவிடுவது இந்த இரண்டாவதைத்தான்.

அப்புறம், தினமும் எடை மெஷினில் ஏறிப் பதறுவது. முந்தின நாள் உப்பு கூடினாலே உடலில் நீர் தேங்கி ஒரு கிலோ வரை ஏறி இறங்கும். வாரக்கணக்கில் பாருங்கள், இடுப்புச் சுற்றளவையும் சேர்த்து. சாப்பாடும் நடையும் மாறாமலே எடை மளமளவென ஏறினால் தைராய்டு பிரச்சினையோ, ஸ்டீராய்டு போன்ற மாத்திரையோ காரணமாக இருக்கலாம். அதற்கு டயட் தீர்வல்ல, டாக்டரைத்தான் பார்க்க வேண்டும்.