புறநானூறும் குறளும் சிறுகதையும்: உத்திகளை ஒப்பிடும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒப்பீட்டுக் கட்டுரைகளில் அடிக்கடி கண்ணில் படுவது பட்டியல். இந்தப் பாட்டில் அங்கதம் (கேலியாகப் பழிப்பது) உண்டு, அந்தக் கதையிலும் அங்கதம் உண்டு, ஆகவே இரண்டும் ஒத்துப்போகின்றன என்று முடித்துவிடுகிறார்கள். உத்தியின் பெயரைக் கண்டுபிடித்த பிறகுதான் உண்மையான வேலை தொடங்குகிறது. அதைப் பேசுபவர் யார், கேட்பவர் யார், எவ்வளவு இடத்துக்குள் பேசுகிறார் என்பவைதான் பாட்டு, காப்பியம், சிறுகதை என வகைமைக்கு வகைமை மாறுகின்றன. இவற்றைக் கேட்காமல் எழுதினால் எந்த இரண்டு நூலையும் எதனோடும் ஒப்பிட்டுவிடலாம். படிப்பவருக்கு ஒன்றும் கிடைக்காது.

புகழ்வதுபோலப் பழிக்கும் உத்தியையே எடுத்துக்கொள்வோம். புறநானூற்று 95ஆம் பாட்டில் அவ்வையார் இரண்டு படைக்கலங்களைப் பேசுகிறார். ‘இவ்வே பீலி அணிந்து மாலை சூட்டி’ என்று தொடங்குகிறார். இங்கே உள்ளவை மயிற்பீலியும் மாலையும் அணிந்து, காம்பு திருத்தி, நெய் பூசி, காவலுள்ள மாளிகையில் பத்திரமாக இருக்கின்றன. அங்கே எங்கள் கோமானின் வேல்களோ பகைவரைக் குத்தி நுனி சிதைந்து, கொல்லன் பட்டறையின் சிறு கொட்டிலில் கிடக்கின்றன. பாட்டுக்குள் ஒரு பெயர்கூட இல்லை. அதியமானுக்காகத் தூது போன இடத்தில், தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டியபோது பாடியது என்று பாட்டின் அடியில் உள்ள குறிப்புதான் சொல்கிறது. பலர் அந்தக் குறிப்பை விட்டுவிட்டு, ‘முரண் அணி சிறப்பாக உள்ளது’ என்று எழுதுகிறார்கள். ஆனால் உத்தியின் உயிரே அங்கேதான் இருக்கிறது. வேற்று மன்னனின் அரண்மனையில், அவன் முகத்துக்கு நேரே, தூதாகப் போன ஒரு புலவர் ‘உன் படை போரே பார்த்ததில்லை’ என்று நேராகச் சொல்ல முடியாது. சொல்லாமலும் வர முடியாது. புகழ்ச்சியின் உருவத்தில் பழிப்பு வருவதற்கு அந்தச் சூழல்தான் காரணம். எவ்வளவு துணிச்சலான பாட்டு!

அதே உத்தி குறளில் வேறு வேலை செய்கிறது. ‘தேவர் அனையர் கயவர்’ என்று 1073ஆம் குறள் தொடங்கும்போது நமக்குத் திடுக்கிடுகிறது. ‘அவருந்தாம் மேவன செய்தொழுக லான்’ என்று காரணம் வந்ததும் புகழ்ச்சி கவிழ்ந்துவிடுகிறது. தம் மனம் போனபடி நடப்பதில் இருவரும் ஒன்றாம். இங்கே தூதும் இல்லை, அரசனும் இல்லை. பேசுவது ஒரு பொதுக் குரல். கேட்பவர் யாராகவும் இருக்கலாம். ஏழு சீருக்குள் புதிரும் விடையும் முடிய வேண்டும். அதனால் வெளியிலிருந்து எந்தக் குறிப்பும் தேவைப்படாதபடி உத்தி தனக்குள்ளேயே முழுமை அடைகிறது. புறப்பாட்டோடு வைத்து ‘இதில் உணர்ச்சி குறைவு’ என்று தீர்ப்புச் சொல்வது அநியாயம்.

அப்புறம் புதுமைப்பித்தனின் ‘பொன்னகரம்’. இங்கே புகழ்ச்சி தலைப்பில் இருக்கிறது. உள்ளே இருப்பது சேரி, ஆலைக் கூலியான அம்மாளு, விழுந்து அடிபட்ட அவள் கணவன், அவனுக்கு வேண்டிய பால்கஞ்சி. அதற்காக அவள் இருட்டுச் சந்தில் ஒருவனுடன் ஒதுங்கும் வரை கதைசொல்லி விவரம் விவரமாக அடுக்கிக்கொண்டு போய், கடைசியில் சட்டென்று நம் பக்கம் திரும்பிக் கற்பு, கற்பு என்று கதைக்கிறீர்களே என்று கேட்டு, இதுதான் பொன்னகரம் என்று முடிக்கிறார். புறப்பாட்டில் குத்து வாங்கியவன் எதிரே நின்ற அரசன். சிறுகதையில் குத்து வாங்குவது வாசகர். கடைசி வரியை மட்டும் மேற்கோள் காட்டி ‘அங்கதம்’ என்று பெயர் ஒட்டுவதும் தவறு. அதற்கு முன்னால் வரும் பக்கங்கள் இல்லாமல் அந்த வரிக்குக் கனம் கிடையாது. உரைநடைப் புனைவில் உத்தி ஒரு வரியில் இருப்பது அரிது. கதையின் ஓட்டம் முழுவதும் பரவியிருக்கும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. வேறுபாடு எங்கே தெரிந்தாலும் அதை வகைமையின் கணக்கில் எழுதிவிடுவது. சிலப்பதிகாரத்தில் கோவலன் மதுரையை நெருங்கும்போது மதிற்கொடிகள் ‘வாரல்’ (வராதே) என்று கைகாட்டி மறிப்பதுபோல அசைகின்றன. கம்பனில் இராமன் மிதிலைக்கு வரும்போது கொடிகள் ‘ஒல்லை வா’ (விரைந்து வா) என்று அழைப்பதுபோல அசைகின்றன. இரண்டும் காப்பியம், இரண்டும் தற்குறிப்பேற்றம் (இயல்பாக நடப்பதன் மேல் கவிஞர் தன் கருத்தை ஏற்றிச் சொல்லும் அணி), இரண்டிலும் அதே கொடி. வேறுபாடு முழுவதும் கதைச் சூழலில் இருக்கிறது. ஒருவனுக்குக் கொலை காத்திருக்கிறது, இன்னொருவனுக்குச் சீதை. ஆகவே வேறு வகைமைகளை ஒப்பிடுவதற்கு முன்னால், ஒரே வகைமைக்குள் அந்த உத்தி எவ்வளவு மாறக்கூடியது என்று பார்த்துவிடுவது நல்லது.

பேசுபவரைக் கவிஞர் என்றே எடுத்துக்கொள்வதும் காதலைப் பாடும் அகப்பாட்டில் செல்லாது. குறுந்தொகை 40இல் செம்மண்ணில் பெய்த மழைநீரை உவமையாகச் சொல்பவன் தலைவன். அவன் குரலை வைத்துப் புலவரின் வாழ்க்கையைத் தேடக் கூடாது.

ஒரு வகைமையின் அளவுகோலை இன்னொன்றின் மேல் வைப்பது கடைசியாகச் சொல்ல வேண்டியது. புதுமைப்பித்தனின் ‘சாப விமோசனம்’ கதையில், சீதை தீக்குளிக்க வேண்டியிருந்ததைக் கேட்ட அகலிகை மறுபடி கல்லாகிறாள். இது இராமாயணத்தில் இல்லையே என்று குறை சொல்பவர் அதைக் காப்பியமாகப் படிக்கிறார். கம்பனின் அகலிகைக்கு மன ஓட்டம் போதவில்லை என்பவர் காப்பியத்தைச் சிறுகதையாகப் படிக்கிறார். கம்பனில் அகலிகை, இராமனின் பயணத்தில் வரும் ஒரு நிகழ்ச்சி. சிறுகதையில் அவள்தான் மையம். சரி, இந்த இரண்டையும் ஒப்பிட்டு எழுத வேண்டுமானால், காப்பியத்திலிருந்து அகலிகைப் படலத்தை மட்டும் எடுத்துக்கொண்டு, சாபம் நீங்கும் இடத்தில் ஒவ்வொன்றும் யாருடைய கண்ணால் அதைப் பார்க்கிறது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள்.